கங்கம்மா ‘இல்லை’ சொன்ன பத்துக் கேள்விகள்

கேள்விகள் பத்து. பத்துக்கும் கங்கம்மா ‘இல்லை’ என்றாள்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்து, அந்தப் பத்துக் கேள்விகளையும் கேட்டு, பதில்களைக் கையிலிருக்கும் டேப்லெட்டில் பதிவதுதான் ஜெனிதாவின் வேலை. அடையாறில் இருந்த ஒரு மனநல மையம் அவளை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. மீனவக் குடும்பப் பெண்களில் எத்தனை பேருக்கு மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறது, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே அவர்களுடன் பேசிச் சிகிச்சை தர முடியுமா என்று பார்க்கும் ஆய்வு அது. பதில்களுக்கு மதிப்பெண் உண்டு. ஒன்பதைத் தாண்டினால் சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஜெனிதா அந்தக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அம்மாவும் மீன் விற்றவள்தான். அதனால் அவளைப் பார்த்ததும் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“கடந்த இரண்டு வாரங்களில் செயல்களில் நாட்டமோ மகிழ்ச்சியோ குறைந்திருந்ததா?”

காணாங்கத்தை மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்த கங்கம்மா நிமிரவில்லை. “அதெல்லாம் ஒண்ணியும் இல்லம்மே. அட்த்தத கேளு.”

கடைசிக் கேள்வி முடிந்ததும் டேப்பில் பச்சை நிறத்தில் ஒரு கட்டம் வந்தது. மதிப்பெண் பூஜ்யம். சிகிச்சை தேவையில்லை. ஜெனிதா நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் போனாள்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் வந்தபோது கங்கம்மாவின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் நெத்திலி விற்றுக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள். “ஒடம்பு செரியில்லயாம். ஒரு வாரமா வர்ல” என்று பதில் வந்தது. வெயிலில் நின்று தொண்டை கிழியக் கூவி, காரில் போகிறவர்களையும் நிறுத்திவிடுகிறவள் கங்கம்மா. காய்ச்சலோடுகூட வந்து உட்கார்ந்தவள். ஜெனிதாவுக்கு என்னவோ போலிருந்தது. டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாம் மாடிக்கு ஏறினாள்.

கங்கம்மாவின் கணவன் பாலு வாசலில் நின்றிருந்தான். “நல்லவேள வந்தியேம்மா. எய்ந்துக்கவே மாட்டேங்கிறா. இட்லி வாங்கியாந்து வெச்சேன், தொடவே இல்ல. இன்னாடி ஆச்சின்னு கேட்டா அய்வுறா.”

உள்ளே கங்கம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜெனிதா தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“இன்னாக்கா பண்ணுது?”

“நெஞ்சு மேல யாரோ அம்மிய தூக்கி வெச்ச மாரி கீது. திடீர்னு படபடன்னு அட்ச்சிக்குது, கை காலெல்லாம் எரியுது. டாக்டரு இதயம் நல்லா கீதுன்ட்டாரு.”

“எப்ப இருந்துக்கா?”

“ரெண்டு மாசமா.”

“அப்ப நான் வந்து கேட்டனே, அன்னிக்கும் இருந்துச்சா?”

“இருந்துச்சி.”

“பின்ன ஏன்க்கா எல்லாத்துக்கும் இல்லன்னு சொன்ன?”

கங்கம்மா மெல்லத் திரும்பினாள். “நீ இன்னாமோ நாட்டம்னு கேட்ட. எனக்கு இன்னா நாட்டம்? மகிழ்ச்சியான்னு கேட்ட. அது கல்யாணப் பத்திரிகைல போடுறது. என்னப் போயி கேட்டா நான் இன்னான்னு சொல்வேன்?”

ஜெனிதா டேப்பில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“மீன் கூவுறப்ப முந்தி மாரி கொரலு வருதாக்கா?”

கங்கம்மாவின் கண்கள் நிறைந்தன. “வர்ல ஜெனி. வாயத் தொறந்தா காத்துதான் வருது. எதுனா நடந்திருந்தாகூட பரவால்ல. ஒண்ணுமே நடக்கல. புருசன் அடிக்கல, புள்ளைங்க நல்லாத்தான் கீதுங்க. ஒண்ணுமே நடக்காம இப்டி ஆவுதே, அதான் பயமா கீது. பைத்தியம் புட்ச்சிருச்சின்னு சொல்லிடுவாங்களோன்னு வெளிய சொல்லல.”

“இது பைத்தியம் இல்லக்கா. இதுக்கு வைத்தியம் கீது. நான் கூட்டினு போறேன்.”

அன்று மாலையே ஜெனிதா மையத்துக்குப் போய், ஆய்வின் தலைவர் டாக்டர் வெங்கடேஷிடம் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கங்கம்மா வீட்டிலிருந்து இறங்கிய பிறகு, ஏற்கெனவே ‘இல்லை’ சொன்ன இன்னும் ஐந்து பெண்களிடம் போய்த் தன் பேச்சிலேயே கேட்டதையும், அவர்களில் இரண்டு பேர் அழுததையும் சேர்த்தே சொன்னாள்.

வெங்கடேஷ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபத்தை அடக்கிக்கொள்ளும்போது அவர் செய்வது அது.

“அந்தக் கேள்விகள் பல வருஷம் பரிசோதிச்சுப் பார்த்தவை, ஜெனிதா. எல்லாரையும் ஒரே மாதிரி கேட்டாத்தான் கணக்கு நிற்கும். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டா நாளைக்கு மொத்த ஆய்வையும் குப்பைல போடுவாங்க.”

“அந்த அக்கா செத்துப் போயிருந்தா சார்?”

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். “அந்த அம்மாவை நாளைக்கே கூட்டிட்டு வாங்க, நானே பார்க்கிறேன். நம்மகிட்ட பயிற்சி எடுத்த ஜாஸ்மினை அனுப்பறேன், வாராவாரம் வீட்டுக்கே போய்ப் பேசட்டும். அழுத அந்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. ஆனா இது எதுவும் ஆய்வுல சேராது. நீங்க இனிமே களத்துக்குப் போக வேண்டாம். கொஞ்ச நாள் ஆபீஸ்ல உட்கார்ந்து பழைய படிவங்களைச் சரிபாருங்க.”

டேப்பை வாங்கி வைத்துக்கொண்டார். வேலை போய்விடும் என்றே ஜெனிதா நினைத்தாள். பஸ்ஸில் போகும்போது அழுகை வந்தது. அழுது முடித்த பிறகு, கேட்டதற்காகத் தான் வருத்தப்படவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

அலுவலகத்தில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒரு செய்திமடல் கட்டுக் கட்டாகக் கிடந்தது. மனநலப் பணியாளர் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவது. யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. மதிய இடைவேளைகளில் ஜெனிதா படிக்க ஆரம்பித்தாள். மனச்சோர்வு பற்றி எந்த ஊரில் என்ன ஆய்வு முடிந்தது, எந்த மாத்திரையை வயதானவர்களுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும், பதற்றத்துக்கான மூச்சுப் பயிற்சி யாருக்கு உதவுகிறது, யாருக்கு உதவுவதில்லை என்றெல்லாம் இருந்தது. பாதி புரியவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘களத்தில் இருப்பவர்கள் எழுதலாம்’ என்று ஒரு வரியும் ஆசிரியரின் முகவரியும் இருந்தன.

நான்கு நாள் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். கங்கம்மா எதற்கு ‘இல்லை’ என்றாள், எதற்கு அழுதாள் என்பதுதான் அதில் இருந்தது. அனுப்புவதற்கு முன் வெங்கடேஷிடம் காட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். “அனுப்புங்க. மையத்தோட பேரு வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

மறு வாரம் போன் வந்தது.

“ஜெனிதாவா? நான் சண்முகவடிவு பேசுதேன். செய்திமடலுக்கு எழுதியிருந்தீயள்லா? நேர்ல பாக்கலாமா?”

சண்முகவடிவுதான் அந்தச் செய்திமடலின் ஆசிரியர்; தி. நகரில் மனநல ஆலோசகர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக் கடையில் சந்தித்தார்கள். அவர் அந்த இரண்டு பக்கங்களையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். பல இடங்களில் பென்சில் கோடு இருந்தது. தப்புகளாக இருக்கும் என்று ஜெனிதா நினைத்தாள்.

“தப்பு இல்ல, எனக்குப் பிடிச்ச இடம். ஒரு சொல்லைக்கூட மாத்தப் போறதில்ல” என்றார் சண்முகவடிவு. “நாலு வருஷமா இதை நடத்துதேன். படிச்சேன்னு ஒருத்தர்கூட எழுதினதில்ல. நானும் எங்கெங்கயோ வந்த ஆய்வைச் சுருக்கிச் சுருக்கிப் போட்டுட்டு இருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க டாக்டர் மேல கோவத்துல எழுதினதா இது?”

“இல்ல மேடம். அந்தக் கேள்வி தப்புன்னு நான் சொல்லல. எங்க ஆளுங்களுக்குப் புரியல. அவ்ளோதான்.”

“அப்ப சரி. ஆனா கங்கம்மாகிட்ட அனுமதி வாங்கணும். பேரை மாத்திடலாம்.”

ஜெனிதா அன்றே போய்க் கேட்டாள். கங்கம்மா இப்போது எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலைவாரியிருந்தாள். ஜெனிதா வாசித்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, “பேர மாத்தாத, என் பேரையே போடு. நான் இன்னா திருடிட்டா பட்த்துக்கினேன்?” என்றாள்.

சிகிச்சை மெதுவாகத்தான் நடந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை முதல் இரண்டு வாரம் வாயை உலர்த்தியதே தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஜாஸ்மின் புதன்கிழமைதோறும் வந்தாள். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சின்னச் சின்ன வேலையாகக் கொடுத்தாள். முதல் வாரம், காசிமேடு மீன் துறைமுகத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோ வரும் நேரத்துக்கு முகம் கழுவிக்கொண்டு கீழே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கங்கம்மா இரண்டு நாள் நின்றாள், ஐந்து நாள் முடியவில்லை. ஜாஸ்மின் அந்த இரண்டு நாளைப் பற்றியே கேட்டாள். அடுத்த வாரம் ஆட்டோவில் ஏறி ஏலம் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அதற்கடுத்து, அன்னக்கூடையில் பாதி மீன். ஆறாவது வாரம் கங்கம்மா பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தாள். கூவவில்லை. ஆனால் உட்கார்ந்தாள்.

அதே மாதம் செய்திமடல் வெளிவந்தது. முதல் வாரம் சத்தமே இல்லை. இரண்டாவது வாரம் சண்முகவடிவு போனில் மூச்சுவிடாமல் பேசினார். முப்பத்தொரு கடிதங்கள் வந்திருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நர்ஸ், என்னிடம் வரும் பெண்கள் ‘சோறு எறங்கல’ என்றுதான் சொல்வார்கள், அதற்கு வயிற்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார். நங்கநல்லூரில் ஓர் ஆலோசகர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்கள் ‘தூக்கமில்லை’ என்று மட்டும்தான் ஒப்புக்கொள்வார்கள் என்றார். ஜைதூன் பீ என்ற சுகாதாரப் பணியாளர் மனவேதனையைச் சொல்லத் தன் தெருவில் புழங்கும் பதினெட்டுச் சொற்களைப் பட்டியல் போட்டு அனுப்பியிருந்தார். அடுத்த இதழில் இரண்டு பக்கம் முழுக்க அந்தச் சொற்களே வந்தன.

அந்த இதழோடு வெங்கடேஷ் ஜெனிதாவின் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“ஒரே மாதிரி கேட்கணும்னு நான் சொன்னது சரிதான். ஆனா என்ன கேட்கிறோம்னு நான் யோசிக்கவே இல்ல. பழைய கேள்விகள் அப்படியே இருக்கட்டும். உங்க கேள்விகளை வெச்சுத் தனியா ஒண்ணு செய்வோம். முறைப்படி அனுமதி வாங்கி, எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி. நீங்க எழுதித் தர்றீங்களா?”

“நானா சார்?”

“வேற யாருக்குத் தெரியும்?”

அனுமதி கிடைக்க இரண்டரை மாதம் ஆனது. ஏற்கெனவே ‘சிகிச்சை தேவையில்லை’ என்று பச்சைக் கட்டம் காட்டிய பெண்களில் அறுபத்து நான்கு பேர் மறுபடி பேச ஒப்புக்கொண்டார்கள். ஜெனிதாவின் கேள்விகளைக் கேட்ட பிறகு, அந்த முடிவு தெரியாத வேறொரு டாக்டர் ஒவ்வொருவரையும் பார்த்தார். பதினைந்து பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. அவர்களில் பதினொரு பேரை ஜெனிதாவின் கேள்விகள் சரியாகக் காட்டியிருந்தன. நான்கு பேரை அவையும் தவறவிட்டன. “அந்த நாலையும் எழுதணும்” என்று வெங்கடேஷ் சொன்னார். ஜெனிதாவே எழுதினாள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. வெங்கடேஷ் எண்களைச் சொன்னார். ஜெனிதா கேள்விகளை வாசித்தாள். கங்கம்மா மூன்றாவது வரிசையில், மாம்பழக் கலர்ப் புடவையில் பாலுவோடு உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்ல விருப்பமா என்று சண்முகவடிவு கேட்டபோது அவள் எழுந்தாள். தன் கதையைச் சொல்லி அழுவாள் என்று பலரும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“எல்லாம் நல்லா சொல்லிக்கினீங்க. ஒண்ணு கேக்குறேன். காலைல ஒம்போது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வா, பத்து மணிக்கு வான்றீங்க. நாங்க காலங்காத்தால காசிமேடு போயி, மீன் வாங்கியாந்து, ஒம்போது மணிக்குத்தான் கட போடுறோம். ரெண்டு மணிக்குத்தான் கை கழுவுவோம். மீன விட்டுட்டு எவ வருவா? கேள்விய மாத்துனீங்கோ, சரி. டைமையும் மாத்துங்கோ.”

முதலில் யாரும் கை தட்டவில்லை. வெங்கடேஷ் தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பிறகுதான் கைதட்டல் எழுந்தது. ஜெனிதா தட்டவில்லை. அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

பட்டினப்பாக்கத்துச் சமுதாயக் கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணிக்குச் சிகிச்சை என்று அடுத்த மாதம் முடிவானது. ஜெனிதாவின் ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுக்கு நீட்டித்தார்கள்.

முதல் செவ்வாய் மூன்றேகால் வரை ஒருவரும் வரவில்லை. ஜெனிதாவும் வெங்கடேஷும் மேசையருகே காத்திருந்தார்கள். வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளும் காலியாக இருந்தன. பிறகு வாசலில் குரல் கேட்டது. கங்கம்மா, நெத்திலி விற்கும் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள்.

“வாடி, ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நாலு நாள் நல்லா கீறேன், ஒரு நாள் இன்னும் பட்த்துக்கினுதான் கீறேன். ஆனா அந்த ஒரு நாளுக்கு இப்ப பயப்பட்றதில்ல. உள்ள போ.”

அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். கை கழுவியும் போகாத மீன் வாசனை கூடத்தில் பரவியது. ஜெனிதா பெயர்களை எழுதத் தொடங்கினாள். மூன்றரைக்கெல்லாம் எட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். டாக்டர் வெங்கடேஷ் எழுந்து, இன்னும் இரண்டு நாற்காலி கிடைக்குமா என்று கேட்கப் பக்கத்து டீக்கடைக்குப் போனார்.