உள்ளிக் கண்ணீர்

ஒரு சொட்டுக் கண்ணீரில் பத்தில் ஒரு பங்குக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், வரி தனி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கும் பொது ஆய்வுக்கூடத்தில், அதிலுள்ள புரதங்களை எடைபோட்டுச் சொல்வதற்கு இந்தக் கூலி. பாவூர்சத்திரம் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் மசூதுக்கு இந்த விலையைக் கேட்டதிலிருந்து, மனைவி ரஹ்மத் சீரியல் பார்த்து அழும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

கண்ணீர் கேட்டவள் மகள் ஷிஃபா. வயலில் சோளத்தோகை கண்ணைக் கீறி, பூஞ்சை பிடித்துப் பார்வை போகிறதே, அந்தப் புண் யாருக்கு ஆறும், யாருக்கு முற்றும் என்பதைக் கண்ணீரை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது அவள் ஆராய்ச்சி. நோயாளிகளின் கண்ணீர் ஆஸ்பத்திரியில் கிடைத்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கண்ணுள்ள இருபது பேர் வேண்டும். மசூது சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களை வரிசையில் நிறுத்தினார். சின்ன வெங்காயமான உள்ளியின் வாடை எட்டாத தெருவில் ஒரு மாடி அறையைப் பிடித்து, மெல்லிய கண்ணாடிக் குழாயோடு உட்கார்ந்து ஷிஃபா கண்ணீர் எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை, புரதங்களை எடைபோடும் எந்திரத்தில் அவள் முறை. மசூதும் கூட வந்திருந்தார். நாலு மாதிரி ஓடியதுமே, கூடத்தின் பொறுப்பாளர் எப்சிபா திரையில் ஓடிய கோட்டைப் பார்த்து எந்திரத்தை நிறுத்தினார்.

"ஷிஃபா, இந்த நாலு பேரும் அழுதிருக்காங்க."

"இல்ல மேடம். சும்மாதான் உக்காந்திருந்தாங்க."

"இங்க பாரு. கண்ணு தானா நனைஞ்சு கெடக்குற தண்ணியில இந்தப் புரதம் மலை மாதிரி நிக்கணும். இது வரப்பு ஒசரம்கூட இல்ல. எரிச்சல்ல கொட்டுன தண்ணி."

மசூது தொண்டையைக் கனைத்தார். "மாடிப்படிக்குக் கீழ வச்சு ஆளுக்கு ஒரு உள்ளிய நசுக்கி மோந்து பாக்கச் சொன்னேன் மேடம். பிள்ள ஊசிமுனை அளவு கேக்கா. நம்ம கடைப் பேரச் சொல்லி அவ்வளவு கொறச்சலா குடுத்தா நல்லாவா இருக்கும்?"

"வாப்பா!" ஷிஃபா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முறை டிசம்பரில்தான் வரும். அவளுடைய உதவித்தொகை அக்டோபரோடு முடிகிறது. இந்த இருபது மாதிரி இல்லையென்றால் மூன்று வருட உழைப்பும் அந்தரத்தில் நிற்கும்.

மசூதுக்கு அவமானம் ஒரு பக்கம், பிரமிப்பு ஒரு பக்கம். மூட்டையில் தண்ணீர் தெளித்து எடை கூட்டுகிறவனை அவர் சாக்கைத் தொட்டே பிடித்துவிடுவார். கண்ணீரில் தண்ணீர் கலந்ததைப் பிடிக்கிற ஆளை அன்றுதான் பார்த்தார்.

"மேடம், மெஷின் ஒரு மணி நேரம் என்ன வெல போவும்? ரெண்டு மடங்கா வச்சுக்கிடுங்க."

எப்சிபா சிரித்தார். "முறைய விக்க ஆரம்பிச்சா பணம் உள்ளவங்க மட்டுந்தான் ஓட்டுவாங்க அண்ணாச்சி. மத்தவங்க எங்க போவாங்க? வேற யாராவது மனசார மாத்திக் குடுத்தா, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மசூது அசந்துபோனார். அவர் தெருவில் ஒரு தராசைப் பொதுவாக வைத்திருந்த இரண்டு கடைக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷன் வரை போனார்கள். இங்கே கோடிக்கணக்கில் விலையுள்ள எந்திரத்தை ஆறு ஆய்வகங்கள் பங்கு போட்டு ஓட்டுகின்றன. ஒரு சத்தம் இல்லை.

வியாழக்கிழமை முறைக்காரர் செந்தில்வேல் ஐஸ் பெட்டியோடு வெளியே உட்கார்ந்திருந்தார். கண்புரை ஏன் விழுகிறது என்று ஆட்டுக்கண் வில்லையில் பார்க்கிறவர்.

"என்ன தம்பி, மொகம் வாடிக் கெடக்கு?"

"கறிக்கடையில பழங்கண்ணத் தந்து ஏமாத்துதாங்க அண்ணாச்சி. நாளன்னைக்குப் பாதி நேரம் வீணாத்தான் போவும்."

மசூதுக்குள் இருந்த வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எம் மச்சான் ரபீக்கு தென்காசியில கறிக்கடை வச்சிருக்கான். அறுத்த சூட்டோட ஐஸ்ல போட்டு, மாசக் கடைசிக்குள்ள நானே கொண்டாருதேன். அந்தப் பாதி நேரத்த எம் மவளுக்கு விட்டுக்குடுங்க. முப்பது கண்ணு."

"அம்பது."

"ஆட்டுக்கு ரெண்டு கண்ணுதான் தம்பி. நாப்பது."

பேரம் முடிந்தது. எப்சிபா அட்டவணையில் பெயரை மாற்றினார்.

புதன்கிழமை விடிந்ததும், சந்தை கூடுமுன், அதே மாடியில் மறுபடி கண்ணீர் எடுத்தார்கள். ஓர் ஆள் வரவில்லை. மசூதே போய் உட்கார்ந்தார்.

"மேல பாருங்க வாப்பா. அழக் கூடாது."

"நான் எங்கட்டி அழுதேன்? ஒன்னப் பாத்தா அதுவா வருது."

ஷிஃபா குழாயைக் கீழே வைத்தாள். "சரி, காயட்டும். பொறவு எடுக்கேன்."

வியாழன் சாயங்காலம் இருபது கண்ணீரிலும் அந்தப் புரதம் மலையாக நின்றது. எப்சிபா ஷிஃபாவின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த முறைக்காரரைக் கூப்பிட்டார். வருகிற எல்லோரிடமும் அவருக்கு ஒரே கண்டிப்பு, ஒரே பொறுமை. எப்சிபா மேடத்தைச் சந்தையில் தராசுக்கு முன்னால் உட்கார வைத்தால் பாதிப் பேர் கடையை மூடவேண்டியதுதான் என்று மசூது நினைத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் ஆட்டுக்கண் எல்லாம் போய்ச் சேர்ந்தது. அதில் ஒன்று புரை படர்ந்து பூ விழுந்த கண். மசூது அதைத் தனியே எடுத்து வைத்து, "இது கழிவு தம்பி, மன்னிச்சுக்கிடுங்க" என்றார். செந்தில்வேல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இதத்தான அண்ணாச்சி தேடுதேன்! மத்த எல்லாத்தையும்விட இதுதான் ஒசத்தி."

இருந்தாலும் சொத்தைச் சரக்கை மசூது கணக்கில் சேர்ப்பதில்லை. பேசியது நாற்பது. கொடுத்தது முப்பத்தொன்பது. பாக்கி ஒன்று.