ஆளுக்கு ஒரு தடவை

காணாமல்போன அண்ணனைத் தேடி இணையத்தில் கொடுத்த விளம்பரத்திலும் பேரம் பேசியவர் பெயிண்ட் கடைக்காரர். பார்த்தவருக்கே திரும்பத் திரும்பக் காட்டுவது வீண், ஆளுக்கு ஒரு தடவைதான் என்று விளம்பரக்காரரிடம் கறாராகச் சொல்லியிருந்தார். முப்பது நொடிப் படம். முதல் இருபது நொடி, அண்ணியும் அவர் மகளும் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். கடைசிப் பத்து நொடி, தம்பியான இவர் இஸ்திரி போட்ட சட்டையில் கைகூப்பி நிற்பார்.

அண்ணன் ஏன் போனார் என்று யாராவது கேட்டால், ஏதோ மனக்கஷ்டம் என்று மழுப்புவார். கலரை மாற்றிக் கலந்துவிட்ட அண்ணனை, கடை நிறைய ஆட்கள் நிற்க, 'தண்டச்சோறு' என்று தான் ஏசியதை மட்டும் சொல்லமாட்டார்.

விளம்பரம் ஓடத் தொடங்கிய பதினைந்தாம் நாள் விளம்பரக்காரர் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். பார்த்தவர் பெயர் தெரியாது. எந்தப் போனில் எத்தனை தடவை என்பது தெரியும். வீட்டார் போன்களை முதலிலேயே விலக்கியாயிற்று. ஒன்பதாயிரத்துச் சொச்சம் போன்களுக்கு நேராக ஒன்று, ஒன்று, ஒன்று. ஒரே ஒரு போனுக்கு நேராக இருநூற்றுப் பதினான்கு.

கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. பேசினது என்ன, செய்தது என்ன என்று பிடித்துக்கொண்டார்.

"நாங்க காட்டினது ஒரு தடவைதான் சார். மிச்சமெல்லாம் அவரே தேடிப்போய்ப் பார்த்தது."

கடைக்காரர் பெயிண்ட் டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அப்படியானால் அண்ணன் இருக்கிறார்.

"முழுசாப் பார்த்தாரா?"

விளம்பரக்காரர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். "முதல் தடவை இருபத்தோரு நொடி. நீங்க வந்ததும் நிறுத்திட்டார். அப்புறம் எல்லாமே இருபதுதான் சார்."

பிரஷ் கேட்டு வந்தவர் கடைக்காரரை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"என்னை வெட்டிடுங்க" என்றார் கடைசியில்.

அன்று மாலையே புதுப் படம் ஏறியது. மறுநாள் மத்தியானம் விளம்பரக்காரர் போன் செய்தார். அந்தப் போனில் படம் கடைசிவரை ஓடியிருக்கிறதாம், ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு சத்தமே இல்லையாம்.

அவர் பேசி முடிக்குமுன் அண்ணியின் அழைப்பு வந்தது. கடைக்கு மேலேதான் அவர்கள் வீடு.

"தம்பி, அவர் வந்துட்டார். பின்பக்கமா வந்தார்."

கடைக்காரர் மாடிப்படிக்கு ஓடி முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

"இப்ப மேல வந்துடாதீங்க, தம்பி" என்றார் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "படத்துல உங்களைக் காணோம்னதும், நீங்க இந்த ஊரை விட்டே போயிட்டீங்கன்னு நினைச்சுதான் வந்திருக்கார்."

மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. கடைக்காரர் வைத்த காலை எடுக்கவும் இல்லை, அடுத்ததை வைக்கவும் இல்லை.