நான் போட்டதாகச் சொன்ன சத்தம்

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் எங்கள் ஜாஸ் சங்கம் வெர்னெலின் பியூட்டி பார்லரில் கூடும். அன்று கடைக்கு விடுமுறை. முடி உலர்த்தும் எந்திரங்களை மேலே தூக்கிவிட்டால், கீழே இருக்கும் நாற்காலிகளைப் போலச் சுகமான நாற்காலி எங்கள் ஜெர்மன்டவுன் பேட்டை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஏழெட்டுப் பேர் வருவோம். ஆளுக்கு ஓர் இசைத்தட்டு கொண்டுவர வேண்டும். வெர்னெல் வறுத்த மீனும் மக்ரோனியும் வைத்திருப்பாள். இசைத்தட்டை மறந்தாலும் மன்னிப்பாள், மீன் தின்ற கையைக் கழுவாமல் அதைத் தொட்டால் மன்னிக்கமாட்டாள்.

சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். மேடைக் கச்சேரியின் பதிவு ஓடும்போது, அந்தக் கச்சேரியை நேரில் கேட்டவருக்கே முதல் பேச்சு. அவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. முதல் அச்சு இசைத்தட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ஹோசையா கிரைம்ஸாக இருந்தாலும் சரி. ஹோசையா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். என் சிநேகிதன், என் தலைவலி.

நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன். ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு சாலையைப் பார்த்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது பேச வேண்டும். இந்தச் சட்டம்தான் என்னைப் புளுகனாக்கியது என்று சொன்னால் பழியைச் சட்டத்தின் மேல் போட்டதாகிவிடும். புளுகியது நான்தான்.

ஆர்வில் டேட் என்று ஒரு சாக்ஸபோன்காரர் எங்கள் ஊரில் இருந்தார். அறுபத்தாறாம் வருஷம் பிப்ரவரியில், ஒரு கிளப்பில் நடந்த சனிக்கிழமை மதியக் கச்சேரியை அப்படியே பதிவு செய்து இசைத்தட்டாகப் போட்டார்கள். அதில் இரண்டாம் பக்கம், அவர் தனி ஆவர்த்தனம் போல நீளமாக வாசித்து மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில், கூட்டத்திலிருந்து ஒருவன் கத்துவான்: "இன்னும் வீட்டுக்குப் போயிடாதப்பா!" டேட் சிரிப்பது கேட்கும். உடனே மறுபடி தொடங்கி முன்பைவிட நன்றாக வாசிப்பார். அந்தக் கத்தல் இல்லாவிட்டால் அந்த இசைத்தட்டே இல்லை என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

அந்தக் கத்தல் என்னுடையது என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எடுத்த எடுப்பில் அப்படிச் சொல்லவில்லை. முதலில், "நான் அங்க இருந்தேன்" என்றுதான் சொன்னேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அந்த ருசி பொல்லாதது. அடுத்த முறை சொன்னபோது மேடைக்கு நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த முறை முதல் வரிசை. நாலைந்து வருஷத்தில் கத்தியதும் நானாகிவிட்டேன். போன மாதம் பேட்டை ரேடியோவில் பழைய ரசிகர்களைப் பேசக் கூப்பிட்டார்கள். அங்கும் போய், அதே மாதிரிக் கத்திக் காட்டிவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு வெர்னெலின் கடைக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மருத்துவமனை வேலையிலிருந்து நேராக வந்தவள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ரெனிட்டா பிராட்னாக்ஸ் என்று பெயர் சொன்னாள். கையில் டேட்டின் அதே இசைத்தட்டு, நாலு மூலையும் ஒட்டுப்போட்ட உறையில். ரேடியோவில் பேசியவர் யார் என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தேன். பாராட்ட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன், மடையன்.

அவளை உட்காரவைத்து வெர்னெல் ஒரு தட்டு மீன் கொடுத்தாள். அவள் தொடவில்லை. தன் அப்பா லெமுவேல் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தார் என்றாள். அவளுக்கு நாலு வயதாகும்போது அங்கே நடந்த விபத்தில் போய்விட்டார். ஒவ்வொரு வருஷமும் அவர் பிறந்த நாளன்று அவளுடைய அம்மா இந்த இசைத்தட்டைப் போட்டு, அந்தக் கத்தல் வரும்போது விரலை உயர்த்தி, இதுதான் உன் அப்பா என்பாளாம். அப்பாவின் குரல் என்று அவளிடம் வேறு எதுவும் இல்லை. அம்மாவும் போன வசந்தத்தில் போய்விட்டாள்.

"நான் சண்டை போட வரல, மிஸ்டர் பெட்டிவே. அம்மா ஒரு சின்னப் பிள்ளைய சமாதானப்படுத்தச் சொல்லியிருக்கலாம். அப்படின்னா அதையும் நான் புரிஞ்சிக்குவேன். அது உங்க குரல்தான்னா சொல்லிடுங்க, இனிமே நான் அப்பான்னு நினைச்சுக்கிட்டுக் கேக்க மாட்டேன்."

ஹோசையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். வெர்னெல் பார்த்தாள். வெர்னெல் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். என் மனைவி போய் ஆறு வருஷமாகிறது. இந்தக் கதையை முதல் முறை கேட்டபோது வெர்னெல் என் கையைப் பிடித்துக் குலுக்கியதை நான் மறக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், "ஆமாம்மா, நான்தான்" என்பது தொண்டை வரை வந்தது. பழகிய பொய் வழுக்கிக்கொண்டு வரும். அவள் மடியில் அந்த உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒட்டுப்போட்ட மூலை ஒன்று பிரிந்திருந்தது, அதைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இவளிடமிருந்து எதைப் பிடுங்கப் பார்க்கிறேன் நான்?

"அது நான் இல்லம்மா," என்றேன். "நான் உள்ளயே போகல."

டிக்கெட் தீர்ந்துவிட்டது, என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பின்சந்துக்குப் போய்ச் சமையலறைக் கதவோரம், வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அடுப்புச் சூடு தாங்காமல் சமையல்காரர் கதவைத் திறந்து வைத்திருந்தார். முழுக் கச்சேரியையும் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கத்தலையும் அங்கிருந்துதான் கேட்டேன்.

சட்டப்படி இனி எனக்குப் பேச உரிமையில்லை. ஆனாலும் பேசினேன், ஏனென்றால் அந்தச் சந்தில் நடந்த மற்றொன்றை நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் பொய் உடைந்திருக்கும்.

இடைவேளையில் ஒரு மனிதர் அந்தக் கதவு வழியாக வெளியே வந்தார். பிப்ரவரிக் குளிரில் கோட்டு இல்லாமல், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னிடம் தீப்பெட்டி கேட்டார். குரல் தேங்காய் துருவுவது போல் இருந்தது. வாங்கிய கையில் புறங்கை முழுக்கச் சின்னச் சின்னத் தீக்காயப் புள்ளிகள்.

"வெல்டிங்," என்றாள் ரெனிட்டா. "அம்மா சொல்லியிருக்காங்க."

"என்ன சொன்னார்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 'வெளிய கேட்டுச்சா தம்பி? கத்துனது நான்தான். வீட்டுல என் குட்டிப் பொண்ணுக்கு நான் பாடினாத்தான் தூக்கம் வரும். இன்னைக்குத் தொண்டை போச்சு, அவங்கம்மா என்னைத் தொலைச்சிடுவா'ன்னார். சொல்லிட்டு அவரே சிரிச்சார். அப்புறம் உள்ள போயிட்டார்."

ரெனிட்டா அழுதாள். தலையைக் குனியாமல், எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே அழுதாள். வெர்னெல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஹோசையா தொண்டையைக் கனைத்தான். சரி, இருபத்தாறு வருஷப் பாக்கியை இப்போது வட்டியோடு வாங்கப்போகிறோம் என்று தயாரானேன்.

"எனக்குப் பத்து வருஷமா தெரியும்யா," என்றான். "முதல் வரிசைல உட்கார்ந்தவன் ஒவ்வொரு தடவையும் வெங்காய வாசனைன்னு சொல்லுவானா? அந்தக் கிளப்புக்கு நான் போனதில்லையா? உள்ள சிகரெட்டு நாத்தத்துல சொந்த மூக்கே தெரியாது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"சொல்லிட்டா நீ வாய மூடிக்குவ. அந்தக் கச்சேரியப் பத்திச் சொல்ல எங்களுக்கு வேற யார் இருக்கா?"

வெர்னெல் மட்டும் என்னை முறைத்தாள். அடுத்த வாரம் ரேடியோவுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வரும்வரை எனக்கு மீன் கிடையாது என்றாள். அடுத்த வாரமும் வரச் சொல்கிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

இசைத்தட்டைப் போட்டோம். முதல் பேச்சு ரெனிட்டாவுக்குத்தான் என்று ஹோசையா தீர்ப்புச் சொன்னான். நேரில் கேட்காதவளுக்கு எப்படி என்று நான்கூடக் கேட்கவில்லை. கத்தல் வந்தது. டேட் சிரித்தார். சாக்ஸபோன் மறுபடி கிளம்பியது. அந்தப் பக்கம் ஓடி முடிந்ததும் ரெனிட்டா என் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா எவ்வளவு உயரம்? இருக்கற போட்டோ எல்லாத்துலயும் கார்லயோ சோபாலயோ உட்கார்ந்துதான் இருக்கார். அம்மாவக் கேட்டா 'நல்ல உயரம்'பாங்க. அம்மா அஞ்சடி கூட இல்ல, அவங்களுக்கு எல்லாரும் உயரம்தான்."

தீப்பெட்டி கொடுக்க நான் எழுந்து நின்றது ஞாபகம் வந்தது. இப்போதும் எழுந்து, கையைத் தட்டையாக என் காதோரம் வைத்தேன். "இந்த அளவு," என்றேன். "இதுல சந்தேகமே இல்ல."

அவள் மடியிலிருந்த உறையை நாற்காலியில் வைத்தாள். எழுந்து வந்து, என் பக்கத்தில் நேராக நின்று, சுவர் நிறைய இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். இன்னும் இறக்காத என் உள்ளங்கை அவள் உச்சந்தலையைத் தொட்டது.