பூட்டச் சொன்னவரே திறக்கச் சொன்னால்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல். காரைக்கால் பாரதியார் சாலையில் படகு எஞ்சின் உதிரிபாகம் விற்கிற எங்கள் ஆபீஸில், நெட் நின்றுபோனால் அந்த நாற்காலியில் ஏறி ரௌட்டரை அணைத்துப் போடுகிறவள் நான். கணக்கு எழுத வந்தவளை இந்த ஒரு காரியத்துக்காக எல்லோரும் எஞ்சினியர் ஆக்கிவிட்டார்கள். நான் கதையும் எழுதுவேன் என்பது பில் போடுகிற வினோதாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அலைகள் ஓயாத அந்தக் கடற்கரை நகரத்தில்—" (வேண்டாம். ஆபீஸிலிருந்து கடல் தெரியாது. எதிர்ப் பரோட்டாக் கடைதான் தெரியும்.)

"இன்றைய உலகில் இணையம் என்பது—" (பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. பரிசுகூடக் கிடைக்காது.)

அடுத்ததில் சுப்பையன் சார் தானாகவே உள்ளே வந்துவிட்டார். சரி, வந்தவரை வெளியே அனுப்புவானேன் என்று விட்டுவிட்டேன்.

2

சுப்பையன் சார் எங்கள் மேனேஜர். தருமபுரத்தில் வீடு, ஊரில் கொஞ்சம் நெல் வயல். அந்த வினோதா இவருடைய மகள்தான். காலையில் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் அவள் அவரை "சார்" என்பாள். ஆபீஸில் அப்பா என்று கூப்பிடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

ஒரு நாள் எங்கள் விற்பனை ஆள் அன்பழகன் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் பார்த்தபடியே, கிளிஞ்சல்மேட்டுக்குப் போக வேண்டிய புரொப்பல்லரை மண்டபத்தூருக்கு அனுப்பிவிட்டார். சார் கொதித்துப்போய் முதலாளிக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினார். நேரே என் மேஜைக்கு வந்தார்.

"தேவிகா, ஆபீஸுக்குத் தேவையில்லாத சைட்டு அத்தனையும் பூட்டிடுங்க. தயவு தாட்சண்யமே கிடையாது."

"எல்லாருக்குமா சார்?"

"எனக்கும் சேத்துதான்னு வச்சுக்குங்களேன்."

(இந்த வசனம் என் கைச்சரக்கு இல்லை. அவரே சொன்னார். கதை எழுதுகிறவளுக்கு இப்படி வந்து மாட்டுகிற ஆள் அபூர்வம்.)

3

ரௌட்டருக்குள் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் எந்தத் தளத்தின் பெயரைப் போடுகிறோமோ அது எங்கள் நெட்டில் திறக்காது. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் நாள் அவசரத்தில் நான் பெயரின் வால் ".காம்" என்பதை மட்டும் போட்டுவிட்டேன். பேங்க், கூரியர், மெயில் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டன. அதைச் சரிசெய்ய மத்தியானம் ஆகிவிட்டது. அப்போதுதான் வினோதா நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கல்யாண சைட்டு ஒண்ணு இருக்கு. அதையும் சேத்துடுங்க."

"அதை இங்க யாரு பாக்குறா?"

அவள் பிரிண்டரைப் பார்த்தாள்.

எனக்கும் தெரிந்த விஷயம்தான். போனில் ஜாதகக் கட்டம் சாருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை பார்ப்பார், ஆபீஸ் பிரிண்டரில் ஜாதகம் எடுப்பார், சனிக்கிழமை திருநள்ளாற்று ஜோசியரிடம் கொண்டுபோவார். பிரிண்டர் அவர் மேஜையோரம். ஒவ்வொரு மாப்பிள்ளையும் ராசிக்கட்டத்தோடு அதிலிருந்து வெளியே வருவதை எதிர் நாற்காலியிலிருந்து இவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாண்டி கவர்மென்ட் பரீட்சை எழுதியிருக்கேன்க்கா. நல்லா எழுதியிருக்கேன். ரிசல்ட்டு வர்றதுக்குள்ள ஒண்ணு தகைஞ்சிடுச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் அவங்க ஊரு, அவங்க சௌகரியம். ரிசல்ட்டு வரைக்கும் தொறக்காம வைங்க, போதும்."

"அப்பாகிட்ட நேராச் சொல்லலாமே?"

"வீட்டுல பேச்சை எடுத்தா தட்டைத் தூக்கிக்கிட்டு எழுந்துடுறாரு. ஆபீஸ்ல அவரு அப்பாவே இல்லையே."

திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துப் பூட்டிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

4

மறுநாள் சாரின் திரையில் வட்டம் சுற்றியது. ஒயரை ஆட்டினார். மவுஸைத் தட்டினார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நெட்டு ஸ்லோவா இருக்காம்மா?"

"இல்லையே சார். எந்த சைட்டு வரலை?"

"சும்மா, பொதுவாக் கேட்டேன்."

பாவம், பூட்டச் சொன்னவர் எந்த வாயால் திறக்கச் சொல்வார்? அதுவும் அன்பழகன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது? கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார்.

"ஒரு கஸ்டமரு பொண்ணுக்கு வரன் பாக்குறாராம். நம்ம கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாமான்னு கேக்குறாரு."

"எந்த ஊரு கஸ்டமர் சார்?"

"தருமபுரம்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிராயரைத் திறந்து, இல்லாத ஸ்டேப்ளரைத் தேடினேன்.

5 (கைவிட்டவை)

இங்கே ஒரு திருப்பம் வேண்டுமே என்று சாருக்கு நெஞ்சுவலி வரவைத்தேன். "கண்ணை மூடுறதுக்குள்ள அவளை ஒருத்தன் கையில—" நிறுத்திவிட்டேன். மனிதர் நேற்றுகூட எதிர்க்கடையில் சால்னாவைத் திரும்பத் திரும்ப ஊற்றச் சொல்லி பரோட்டா சாப்பிட்டார். வலியாவது ஒன்றாவது.

அப்புறம் வினோதாவுக்கும் அன்பழகனுக்கும் காதல் என்று ஒரு பத்தி எழுதினேன். பின்னால் நின்று அவளே படித்துவிட்டாள்.

"புரொப்பல்லரையே தப்பான ஊருக்கு அனுப்புறவரோட என்னையும் அனுப்பப் பாக்குறீங்களே. எடுங்கக்கா அதை. என்னை அழ வைக்கவும் வேண்டாம், சொல்லிட்டேன்."

எடுத்துவிட்டேன்.

6

இன்று வெள்ளிக்கிழமை. வினோதா பேங்குக்குப் போயிருந்த நேரத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். என் கதையைக் குப்புறத் தள்ளியது இதுதான். சார் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பூட்டினதுல கல்யாண சைட்டும் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"பூட்டச் சொன்னதும் நான், தொறக்கச் சொல்றதும் நான். சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்குங்க. கொஞ்ச நேரம் தொறந்து விடுங்கம்மா. வினோதா பேரை அதுலேருந்து எடுக்கணும்."

"எடுக்கவா?"

"மன்னார்குடிக்காரங்க ஞாயித்துக்கிழமை வரட்டுமான்னு கேட்டிருக்காங்க. போனுக்கு மெசேஜ் வந்துச்சு. இப்ப வேண்டாம்னு பதில் போட்டுட்டு எடுத்துடணும். போன்ல எடுக்கப் போயி அவ போட்டோ இன்னொண்ணைச் சேத்துத் தொலைச்சிட்டேன்." குரலைத் தணித்தார். "புள்ள அந்தப் பரீட்சைக்கு எப்படிப் படிச்சுதுன்னு நான் பாத்தேன்ல. அதுக்குத் தெரிய வேண்டாம். நாளைப்பின்ன ரிசல்ட்டு சரியா வரலைன்னா, அப்பா நமக்காக நிறுத்தி வச்சாரேன்னு அது வேற மனசு கஷ்டப்படும்."

சொல்ல மாட்டேன் என்றேன். அப்படியானால் நான்காம் பகுதியில் நான் டிராயருக்குள் தலையை விட்டுச் சிரித்தபோது, அவர் தவித்தது இதற்குத்தானா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பகுதியை அழிக்கப் போனேன். சிரித்தது சிரித்ததுதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

7

வாசகரே, இப்போது மாட்டிக்கொண்டு முழிப்பது நான். திறக்க மாட்டேன் என்று அவளிடம் வாக்கு. சொல்ல மாட்டேன் என்று அவரிடம் வாக்கு. சும்மா இருந்தால் மன்னார்குடிக்காரர்கள் பூவும் பழமுமாக வந்து இறங்கிவிடுவார்கள். திறந்துவிட்டால்? சாரை நம்புகிறேன். ஆனால் பேரை எடுக்கப் போகிற வழியில் இன்னொரு நல்ல ஜாதகம் அவர் கண்ணில் பட்டுவிட்டால் என்ற பயமும் இருக்கிறது.

எனக்கு முடிவு எழுதத் தெரியாமல் இல்லை. ஒன்றில் நானே திருட்டுத்தனமாகத் திறக்கிறேன், ஒன்றில் மன்னார்குடிக் கார் நடுவழியில் பஞ்சராகிறது. எல்லாம் என் சௌகரியத்துக்கு எழுதினவை. அதனால் இந்தப் பக்கங்களை அப்படியே சார் மேஜையோரப் பிரிண்டரில் பிரிண்ட் கொடுக்கப் போகிறேன். வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வினோதா பேங்கிலிருந்து வந்தாயிற்று.

அன்பழகன், கையில் எடுத்தது நீங்கள் என்றால், அப்படியே வைத்துவிட்டு மண்டபத்தூருக்குப் போன் போடுங்கள்.

சார், நீங்கள் என்றால், இந்தத் தடவை வெளியே வந்திருப்பது மாப்பிள்ளை இல்லை. சிரித்ததை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன், ஆனால் அவளும் பக்கத்தில் இருக்கட்டும்.

இவர்கள் யாரையும் தெரியாத வாசகர் என்றால், மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி மட்டும் வேண்டாம்.

வினோதா, நீ என்றால், ஆறாம் பகுதியை இன்னொரு தடவை படி. அப்புறம் ஆபீஸ் என்று பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அப்பா என்று கூப்பிடு. சட்டம் போட்டவர் திரும்பிப் பார்க்கிறாரா இல்லையா என்று நானும் இங்கிருந்து பார்க்கிறேன்.