ஐந்து நட்சத்திரக் கெட்டில்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். மூன்று தடவை மேலும் கீழும் ஏறி இறங்கிப் பார்க்காமல் எந்த லிஃப்டுக்கும் கையெழுத்துப் போடாத மனுஷன், வாய் விஷயத்தில் மட்டும் பிரேக் இல்லாமல் பிறந்துவிட்டார்.

நுகர்வோர் நீதிமன்றத்தில் அவர் வழக்கு எளிமையானது. ஆன்லைனில் வாங்கிய மின்கெட்டில். இரண்டாவது மாதமே கைப்பிடி கழன்று, கொதிநீர் மனைவியின் வலது கையில் கொட்டியது. வெந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவள் தையல்காரி. இப்போது ஊசியைப் பிடிக்க முடியாது. விரல்களைப் பிரிக்கும் ஆபரேஷன் செலவுக்கு, கெட்டிலை விற்ற கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. கையில் ஒரே ஒரு தாள்.

"சார், கெட்டிலைப் பத்தி ஆன்லைன்ல இது நீங்க எழுதினதுதானே? 'அஞ்சு ஸ்டார். என் பொண்டாட்டியை விடச் சீக்கிரம் கொதிக்குது, ஆனா கத்தாது. கைப்பிடி இரும்பு மாதிரி.' இருநூத்திப் பன்னிரண்டு பேர் இது உபயோகமா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க."

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. டைப்பிஸ்ட் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மெக்கானிக்கின் ஜோக்குக்கு இத்தனை பேர் சிரித்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பக்கத்தில் மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு இது புதுச் செய்தி.

"இரும்புன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப நீங்கதான் ஏதோ பண்ணி உடைச்சிருக்கணும்."

ஆமாம் என்றால் வழக்கு போச்சு. எழுதியது பொய் என்றால் மானம் போச்சு. மெக்கானிக் நீதிபதியம்மா பக்கம் திரும்பினார்.

"பொய்ங்கம்மா. அப்ப நான் அதுல தண்ணியே ஊத்தலை. அஞ்சு ஸ்டார் போட்டா ரெண்டு கப்பு இலவசம்னு பெட்டிக்குள்ள ஒரு சீட்டு இருந்துச்சு."

"கப்பு வந்துச்சா?" என்றார் நீதிபதியம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

"ஒண்ணு வந்துச்சுங்க. அதுலயும் விரிசல்."

வக்கீலுக்கு வெல்லக்கட்டி கிடைத்தது. "அன்னிக்குப் பொய் சொன்னவர், இன்னிக்கு மட்டும்..."

"உட்காருங்க. இவர் புகழ்ந்தா கழண்ட கைப்பிடி ஒட்டிக்குமா? சட்டம் அசடுகளையும் சேர்த்துத்தான் காப்பாத்துது. அந்தச் சீட்டையும் கெட்டிலைச் சோதிச்ச ரிப்போர்ட்டையும் கம்பெனி அடுத்த வாய்தாவுக்குக் கொண்டுவரணும்." பிறகு நீதிபதியம்மா மெக்கானிக்கிடம் குரலைத் தாழ்த்தினார். "ஏன்யா, உங்க பேச்சை நம்பி இந்தக் கெட்டிலை வாங்கின வீடுகள்லயும் கை இருக்குமே."



குமாஸ்தா வாக்குமூலத்தை நீட்டினார். மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். மனைவி இடது கட்டைவிரலை நீட்டினாள்.

"ஏம்மா, எழுதத் தெரியாதா?"

"தெரியும்ங்க. எங்க வீட்ல எழுதுறது இவரு."

மெக்கானிக் மைப்பெட்டியை எடுத்துப் பிடித்தார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்து, தானே விரலை அழுத்தினாள்.