தகரக் கொட்டிலில் குறி சூடு

உச்சி வெயிலில் நிமலினி கோடாலியை ஓங்கித் தகரச் சுவரில் போட்டாள். மாட்டுக் கொட்டில் முழுக்க அதிர்ந்தது. உள்ளே ஜேர்சிப் பசு நாக்கைத் தொங்கப்போட்டு, காலை அகட்டி, இளைத்துக்கொண்டு நின்றது. வாயிலிருந்து வீணீர் கயிறு கயிறாக வழிந்தது. எட்டு மாதச் சினை. இப்படியே நின்றால் பின்னேரத்துக்குள் விழுந்துவிடும்.

பனையோலையைப் பிரித்தெறிந்து தகரம் போட்டவன் தமையன் தயாபரன். கள்ளருக்குப் பயந்து நாலு பக்கமும் அடைத்தவனும் அவன்தான். சுவரில் ஒரு முழம் கிழிவதற்குள், சிரட்டைத் தணலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியோடு அவன் ஓடிவந்தான்.

"தள்ளடி! விலாவில ரெண்டு குறி சுட்டா இளைப்பு நிக்கும்."

"இது நோய் வருத்தமில்லை அண்ணை, வெக்கை! அடுப்புக்குள்ள நிக்கிற மாட்டை இன்னும் சுடப்போறியளோ?"

"ரெண்டு நாள் மாடு வளர்ப்பு வகுப்புக்குப் போன உடன பெரிய டொக்குத்தர்!"

கன்னத்தில் ஒரு அறை. விழுந்தவள் எழும்புவதற்குள் கம்பி விலாவில் பதிந்தது. மயிர் கருகி மணத்தது. பசு கதறிய கதறலில் அவளுக்கு மண்டை விறைத்தது. இரண்டாம் சூட்டுக்கு அவன் கையோங்க, இடையில் பாய்ந்தாள். கம்பி அவளுடைய முழங்கையில் இழுபட்டுத் தோலை உரித்துக்கொண்டு போனது. அப்படியே அவன் மணிக்கட்டைக் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது, விடவில்லை.

"ஐயோ விடடி, விசரி!"

கம்பி விழுந்தது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு திரும்பியது. தயாபரனைத் தூணோடு வைத்து நெரித்தது. விலா எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பிறகு, கிழிந்த தகரத்தை முழுதாகப் பெயர்த்துக்கொண்டு வெளியே பாய்ந்து, கிணற்றடிப் பூவரசு நிழலில் போய் நின்று நடுங்கியது.

நிமலினி சூடுபட்ட கையாலேயே கிணற்றில் அள்ளினாள். உவர் தண்ணீர்தான், உடம்புக்கு ஊற்றப் போதும். முதலில் கால், பிறகு வயிறு, பிறகு முதுகு. குடிக்க, பீப்பாவிலிருந்த நல்ல தண்ணீரை வாளியோடு வைத்தாள்.

தயாபரன் விலாவைப் பொத்திக்கொண்டு கொட்டில் வாசலில் கிடந்தான். "மூச்செடுக்க ஏலாமக் கிடக்கடி... ஒரு வாய் தண்ணி..."

அவள் பசுவின் வயிற்றில் கையை வைத்து மூச்சை எண்ணினாள். நிமிசத்துக்கு நூறு. அடுத்த வாளியை ஊற்றினாள்.

"எழுபதுக்கு வரட்டும், தாறன்," என்றாள். "அதுவரைக்கும் பேசாமக் கிடவும்."