இரண்டு குடுவைக்கு ஒரு பாட்டில்

தம்பி இறந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அக்கா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்னே அம்மா கேட்டுவிடுவாள்.

"இன்னிக்கு சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாம்மா. காலையிலயே மஞ்சளாயிடுச்சு. மாத்தி ஊத்திட்டுத்தான் வந்தேன்."

"பசி தாங்க மாட்டான்டி அவன். மஞ்சளாகற வரைக்கும் ஏன் விட்டே?"

அயலார் காதில் விழுந்தால் இரண்டு பேரையும் சேர்த்தே வைத்தியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். விஷயம் அத்தனை கோளாறானதில்லை. அக்காவுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களைக் குடுவையில் வைத்து, இளஞ்சிவப்பு மீடியத்தை ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே வளர்க்க வேண்டும். செல்கள் தின்று கழித்ததும் சிவப்பு மஞ்சளாகும். மஞ்சளானால் பழையதை உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆகவே அக்காவுக்கும் கிடையாது. மாடி முழுவதற்கும் சோறு போடுகிறவள் என்பதால் அங்கே அவளை எல்லோரும் 'மெஸ் அக்கா' என்றே கூப்பிட்டார்கள்.

தம்பி செருப்புக்கடையில் விற்பனையாளன். ஒன்பதாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் ஷூவைப் போட்டுவிட்டு, "தோல்தானே அண்ணே, நாலு நாள்ல காலுக்குப் பழகிடும், பொண்டாட்டி மாதிரி," என்று சொல்லி விற்றுவிடுவான். கல்யாணம் ஆகாதவன். இருபத்துநாலு வயதில் அவன் கல்லீரலில் கட்டி வந்தது. யாருக்கும் அதிகம் வராத ரகம். அறுவைக்கு முந்தின நாள், ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று அக்கா படிவத்தை நீட்டினாள். "எடுத்துக்க. வாடகை கேக்க மாட்டேன். ஆனா நீயே பாத்துக்கணும், வேற எவன்கிட்டயும் விடாதே," என்று கையெழுத்துப் போட்டான். மூன்றே மாதம். அவன் போனான், துண்டு மிஞ்சியது.

செல் என்றால் என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் கடையை வைத்துத்தான் சொன்னாள்.

"ஒவ்வொரு செல்லும் ஒரு கடைம்மா. சுத்தி ஒரு சவ்வு. அதுதான் வாசல், காவல்காரன். வேணுங்கற சரக்கை உள்ள விடுவான், வேண்டாததை வெளியவே நிறுத்துவான். உள்ள அடுப்பு மாதிரி குட்டிக் குட்டியா நூத்துக்கணக்குல இருக்கும், சர்க்கரையை எரிச்சு சக்தி குடுக்கும். சரக்கு செய்யறவங்க தனி, பொட்டலம் கட்டி அனுப்பறவங்க தனி. நடுவுல முதலாளி ரூம்."

"முதலாளி என்ன பண்ணுவான்?"

"ரூமை விட்டு வெளிய வரவே மாட்டார். என்ன செய்யணும்னு சீட்டு எழுதி அனுப்பிட்டே இருப்பார்."

"உங்க டாக்டர் மாதிரி."

"அதேதான்."

"அப்ப அவனுக்கு வந்த வியாதி?"

"எப்ப கடையைச் சாத்தணும்னு தெரியாமப் போயிடும்மா. பக்கத்துக் கடையை இடிச்சுக்கிட்டு, கிளைமேல கிளையா திறந்துட்டே போகும்."

அம்மா, "சாத்தத் தெரியாதுன்னா நல்லதுதானே, குடுவைக்குள்ள?" என்றாள். ஊரைக் கெடுத்த குணமே குடுவையில் உத்தம குணமானது. அதைத்தான் அவள் எட்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையில் ஆரம்பத்தில் அந்தச் செல்கள் சோம்பேறிகள். இரண்டு மடங்காகப் பத்து நாள் எடுத்துக்கொண்டன. தம்பி இறந்ததும் அக்கா இருபது நாள் விடுப்பில் போனாள். திரும்பி வந்து பார்த்தால் குடுவை நிரம்பி வழிந்தது. ஒன்றரை நாளில் இரட்டிப்பு. ஆராய்ச்சிக்கூடத் தலைவர், அதாவது டாக்டர், அவளைத் தன் அறைக்கே கூப்பிட்டு உட்காரவைத்தார். "உங்க தம்பி பெரிய ஆள்ங்க. நீங்க லீவுல இருந்தப்ப நானே என் கையால சோறு போட்டேன், பாருங்க எப்படி எழுந்துட்டான்னு!" என்றார். அவள் கண்கலங்கி நன்றி சொன்னாள். அவளுடைய வேலை மேசையில் அன்று திறந்திருந்த மீடியம் பாட்டில் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு செல் வகைக்கும் தனிப் பாட்டில் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். அதன்மேல் டாக்டரின் எழுத்தில் இரண்டு வகைகளின் பெயர்களும் இருந்தன. பார்த்தாள், துக்கத்துக்கு உதவி செய்த மனிதரிடம் பாட்டில் கணக்கா கேட்பது என்று விட்டுவிட்டாள். சும்மா கிடைத்த சரக்கை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

அதற்குப்பின் எல்லாம் ஏறுமுகம். டாக்டருக்குக் கட்டுரைகள், மாலைகள். தம்பியின் செல் ஒன்பது ஊர் ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் போனது. "உயிரோட இருந்தப்ப பஸ்ஸுலயே வாந்தி எடுப்பான். இப்ப விமானத்துல போறான்," என்று அம்மா எதிர்வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை வெளியூர்க் கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. வழக்கப்படி மரபணு அடையாளம் பார்த்தார்களாம். நீங்கள் அனுப்பிய செல் ஒரு பெண்ணுடையது, பல கூடங்களில் புழங்கும் பழைய நுரையீரல் செல் வகையோடு முழுதும் ஒத்துப்போகிறது, விளக்கம் தேவை.

அந்த நுரையீரல் செல் பக்கத்து மேசையிலேயே இருந்தது. வேகமாக வளரும் ரகம். பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாய் அதன் குடுவையில் மூழ்கி, பொதுப் பாட்டிலில் மூழ்கி, தம்பியின் குடுவைக்கு வந்தால் போதும். ஒரு துளியில் ஒரே ஒரு செல் ஒட்டிக்கொண்டு வந்தாலும், ஒரு மாதத்தில் சோம்பேறி ஒருவனும் மிஞ்சமாட்டான்.

வியாழக்கிழமை டாக்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வாங்க வந்தவன் முதலில் சரக்கின் குறையைச் சொல்வான். விற்க வந்தவன் முதலில் தன் குடும்பத்தைச் சொல்வான். டாக்டர் குடும்பத்தில் ஆரம்பித்தார்.

"என் பொண்ணு இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கா. எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம்."

"சார், அந்த இருபது நாள் நான் இல்ல."

"தெரியும்மா."

"பதிவேட்டுல உங்க எழுத்து இருக்கும்."

"அந்தப் பக்கமே பதிவேட்டுல இப்ப இல்ல." அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூணு மணிக்கு விசாரணைக் குழு வருது. தலைவரே தப்பு பண்ணினாருன்னா கூடத்தையே மூடுவாங்க. உறைகலத்துக்கு சீல் வெச்சு உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சிடுவாங்க. ஊழியர் கை தவறுனதுன்னா ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்."

"நான் ஏன் சார் ஒத்துக்கணும்?"

"உறைகலத்துல உங்க தம்பியோட குப்பி ஒண்ணு இருக்கு. நீங்க லீவு போறதுக்கு முந்தி, நீங்களே உறையவெச்சது. கலக்காதது."

அதை அவள் மறந்தே போயிருந்தாள்.

"கையெழுத்துப் போடுங்க. நாளைக்குக் காலையில அதை உங்க கையாலயே உருக்கி வளருங்க. நிஜமான தம்பி."

"முதல்ல உருக்கிப் பாக்கலாம் சார். அப்புறம் போடறேன்."

"மூணு மணிக்கு அவங்க வர்றாங்கம்மா."

கடிகாரத்தில் இரண்டு பத்து. சரக்கைப் பார்க்காமல் விலை கொடுக்கக்கூடாது என்பது தம்பி தினமும் வாடிக்கையாளர்களை மறக்கவைத்த பாடம். அக்கா கையெழுத்துப் போட்டாள். 'என் கவனக்குறைவால்' என்ற சொல்லுக்குக் கீழே, நிறுத்தி நிதானமாக, முழுப்பெயர்.

மறுநாள் காலை டாக்டரும் கூட வந்தார். உறைகலத்தின் மூடியைத் தூக்கியதும் வெண்புகை எழும்பித் தரையில் வழிந்தது. ஏழாவது பெட்டி, மூலையில், அவளுடைய எட்டு வருஷத்துக்கு முந்தைய எழுத்து. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள்.

குப்பிக்குள் பனி சாய்ந்திருந்தது.

நிமிர்த்தி வைத்து உறையவைத்த திரவம் மட்டமாகத்தான் உறையும். இது ஒரு பக்கம் சரிந்து உறைந்திருந்தது. நடுவில் எப்போதோ உருகி, குப்பி சாய்ந்து கிடக்கையில் மறுபடி உறைந்திருக்கிறது. கண்டபடி உறையும் பனி ஊசி ஊசியாக வளர்ந்து செல்லின் சவ்வைக் கிழித்துவிடும். அந்தத் தொழிலில் இருப்பவளுக்கு இதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"சார், இது எப்ப உருகுச்சு?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி கலத்தைக் குளிர வெக்கற நைட்ரஜன் கொண்டுவர்ற லாரி வரல. ஒரு வாரம் கலம் காலி. மேல் பெட்டிங்க மட்டும்தான் போயிருக்கும்னு நெனச்சேன்."

"நேத்து சொல்லல."

"நேத்து நீங்க கேக்கலையேம்மா."

சொத்தைக் கத்தரிக்காயை அடியில் வைத்து விற்பவன்கூட, மாட்டிக்கொண்டால் ஒரு அசட்டுச் சிரிப்பு சிரிப்பான். இவர் அதையும் மிச்சம் பிடித்தார்.

ஆனாலும் அவள் உருக்கினாள். உடம்புச் சூட்டு நீரில் குப்பியை மெல்லச் சுழற்றி, மிளகளவு பனி மிஞ்சியபோது எடுத்து, துளித்துளியாக மீடியம் விட்டு, ஒரு பாகத்தில் நீலச் சாயம் கலந்து, எண்ணுவதற்குக் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். உயிருள்ள செல் சாயத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். தெளிவாக, மினுக்கிக்கொண்டு நிற்கும். செத்ததின் வீட்டுக்குக் காவல் கிடையாது, யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

முதல் கட்டத்தில் அத்தனையும் நீலம். இரண்டாவதில் அத்தனையும் நீலம். நான்கு கட்டமும் பார்த்துவிட்டு, தகட்டைக் கழுவி, இன்னொரு துளி விட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"ஒண்ணாவது?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் மிச்சத்தைப் புதுக் குடுவையில் ஊற்றி, உடம்புச் சூடு காக்கும் இன்குபேட்டர் பெட்டியில் வைத்தாள். உயிருள்ளவை அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இவை மூன்று நாளும் தூசி மாதிரி மிதந்தன. மீடியம் சிவப்பு மாறவே இல்லை. கீழ்த்தட்டில் எட்டு வருஷம் தம்பி பெயரில் சோறு தின்றவள் செழிப்பாக இருந்தாள். அவள்மேல் பழி சொல்ல முடியாது. போட்ட இலையில் உட்கார்ந்தாள். நான்காம் நாள், விதிப்படி, அக்கா தம்பியின் குடுவையில் ப்ளீச் ஊற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்து, தொட்டியில் கொட்டினாள்.

அந்த நாட்களிலும் வீட்டில் கேட்டபோதெல்லாம் சாப்பிட்டான் என்றே சொன்னாள். பொய் பழகிய ஷூ மாதிரி, கடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வீடு வந்தபோது அம்மா கூடத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பிரித்த கடிதம். 'இரு செல் வகைகளுக்கு ஒரே பாட்டிலைப் பயன்படுத்திய தமது கவனக்குறைவை ஊழியர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளதால், கண்ணாடிப் பாத்திரம் கழுவும் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்.' எச்சரிக்கை மட்டும் என்று சொன்ன மனிதர், அதிலும் எடை குறைத்திருந்தார்.

"இது என்னடி?"

அக்கா கீழே உட்கார்ந்தாள்.

"ரெண்டு வகைன்னா யாரும் யாரும்?"

"அவனும், யாரோ ஒரு பொம்பளையும்."

"நீ சோறு போட்டது?"

"அவளுக்கு."

"இவன்?"

"மொத மாசத்துலயே போயிட்டாம்மா. அவ வேகமா வளர்றவ. இவனுக்கு இடம் இல்லாமப் போச்சு."

அம்மா கடிதத்தை மறுபடி படித்தாள். உதடு அசைந்தது. "நீயா கலந்தே?"

இல்லை என்று சொல்ல ஒரு வாய்ச்சொல் போதும். அம்மா நம்பியும் விடுவாள். ஆனால் அடுத்த கேள்வி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும்: அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டாய்? அதற்குப் பதில் அந்தக் குப்பி. குப்பியைச் சொன்னால் சாய்ந்த பனியைச் சொல்ல வேண்டும், நீலத்தைச் சொல்ல வேண்டும், ப்ளீச்சைச் சொல்ல வேண்டும். போன வாரம் வரைக்கும் ஒரு குப்பி தம்பி இருந்தான் என்று சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் போனவனுக்கு அம்மா ஒருவேளை ஆறிவிடுவாள். திங்கட்கிழமை தொட்டியில் கொட்டியவனுக்கு ஆறமாட்டாள்.

அக்கா மனசுக்குள் இரண்டையும் எடை போட்டுப் பார்த்தாள்.

"ஆமாம்மா. கை தவறிடுச்சு."

அம்மா கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்தாள். "உன் கையில இருக்கான்ங்கற தைரியத்துலதான், அவனைத் தூக்கிட்டுப் போறப்ப நான் அழாம நின்னேன்," என்றாள். கத்தவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அன்றைக்கு நிறுத்தி வைத்ததை ஆரம்பித்தாள்.

அக்கா நகர்ந்து போய் அவள் தோளில் கை வைத்தாள்.

"தொடாதே," என்றாள் அம்மா.